காப்புக்கு ஒரு கொத்து ஆவாரை

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட ஒரு வருடம், என் வீட்டு வாசலில் நின்ற ஒரு செடியை ஆவாரை என்று நம்பி, வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்திவைத்து அதன் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடத் தப்பவில்லை. சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்க இடம் கிடைக்காமல், நம் மண்ணின் செடிகளை நாம் எப்படி மறந்தோம் என்கிற என் உரையை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனார். செடியும் நம்பிக்கையைக் கெடுக்காமல் மஞ்சளாகவே பூத்தது. ஒரே ஒரு குறை, அது ஆவாரை இல்லை.

இந்தத் தப்பு படிக்காதவனுக்கு வந்திருக்காது. பெரியகுளம் சாலையில் ஒரு நர்சரிக்குப் போய், "ஆவாரஞ்செடி இருக்கா?" என்று தமிழில் கேட்டிருந்தால், "அது ரோட்டோரமே கெடக்கே சார்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் புத்தகத்தில் படித்த லத்தீன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அதிலும் முன்பாதிதான் ஞாபகம் இருந்தது. "காசியா வேணும்" என்றேன், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. அவர்களிடம் ஒரு காசியா இருந்தது, கொடுத்தார்கள். பெண்ணின் பெயரைச் சொல்லாமல் குடும்பத்தின் பெயரை மட்டும் சொல்லிப் பெண் கேட்கப் போனால், வீட்டில் இருக்கிற யாரையாவதுதானே காட்டுவார்கள்?

குட்டு உடைந்தது போகியன்று.

எங்கள் பக்கம் போகிக்குக் காப்புக் கட்டுவது உண்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கொத்தாக்கி, வாசல் நிலையில், மாட்டுத் தொழுவத்தில், மோட்டார் ரூமில், வயலின் மூலையில் என்று செருகி வைப்பார்கள். மாடும் வயலும் இல்லாத எங்களைப் போன்ற தேனிக்காரர்கள் வாசலிலும் ஸ்கூட்டரிலும் செருகிக்கொள்வோம். எங்கள் வீட்டுக்கு அந்தக் கொத்து வருடா வருடம் கெங்குவார்பட்டியிலிருந்து வரும். கொண்டு வருபவர் என் மனைவியின் அண்ணன். அங்கன அவருக்குத் தோட்டம் இருக்கிறது, தோட்டத்து வரப்பில் ஆவாரை கேட்பாரில்லாமல் கிடக்கும். ஒரு சாக்கில் அள்ளிப்போட்டு பைக்கில் கட்டி, தங்கச்சி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் காப்பி குடித்துப் போவார்.

அந்த வருடம் மச்சான் சாக்கை இறக்கும் முன்பே நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேண்டாம் மச்சான். இந்தத் தடவ நம்ம வீட்டு ஆவாரை."

அவர் என் செடியைப் பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளினார். முகர்ந்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில், உன்னைக் கட்டிக்கொடுக்கும்போது இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம் என்பது இருந்தது.

"மாப்ள, இது சீமைக் கொன்னையில ஏதோ ஒரு ரகம். இதக் கட்டுனா காப்பு இல்ல, டெக்கரேசன்."

என் மனைவி சிரிப்பை முந்தானைக்குள் அனுப்ப முயன்று தோற்றாள். "இவுக ஊரெல்லாம் கூப்பிட்டு லெக்சர் குடுத்தாகண்ணே. கேஸ்காரரு மறுமாசம் எங்க தெருவுக்கே வர மாட்டேன்னுட்டாக."

அன்றைக்கு எதற்குச் சொன்னேனோ, ரோசத்தில் சொல்லிவிட்டேன்: "இருங்க மச்சான். இந்த வீட்டுக்கு இந்த வீட்டு ஆவாரையாலயே காப்புக் கட்டுவேன். அதுவரைக்கும் நீங்க கொண்டு வாங்க, வேண்டாங்கல. ஆனா ஒருநாள் நிறுத்திக் காட்டுறேன்."

"நிறுத்துங்க மாப்ள. எனக்கும் பெட்ரோல் மிச்சம்" என்றார் அவர்.

இதில் பந்தயம் எதுவும் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஒவ்வொரு போகிக்கும் அந்தச் சாக்கு என் வாசலில் 'தொப்' என்று விழும் சத்தம், பரீட்சை ரிசல்ட் சத்தமாகவே காதில் விழுந்தது. தானே முளைத்து, தானே வளர்ந்து, தானே பூக்கிற செடி. அதை வளர்க்கத் தெரியாத மாப்பிள்ளை என்று கெங்குவார்பட்டி முழுக்கப் பேர்.

முதலில் குறுக்கு வழியில் போனேன். ஆண்டிபட்டிப் பக்கம் வெற்று நிலத்தில் நன்றாகப் பூத்துக் குலுங்கிய ஒரு செடியைப் பார்த்து, கடப்பாரையோடு போய் இறங்கினேன். மேலே என் இடுப்பு உயரம்தான் இருந்தது. கீழே வேர் போய்க்கொண்டே இருந்தது. தோண்டத் தோண்ட அது நேராகக் கீழே இறங்கி, மலையைக் குடைந்து கேரளாவுக்குப் போய்ச் சேரும் உத்தேசத்தில் இருந்தது. பாதியில் அறுத்துக் கொண்டுவந்தேன். ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்காரவைத்து, விழுந்துவிடாமல் என் பெல்ட்டைக் கழற்றிக் கட்டி, பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டிவந்த காட்சியைத் தேனி பழைய பஸ் ஸ்டாண்டில் பலர் பார்த்திருக்கிறார்கள். செடி அந்த வாரமே இலையை உதிர்த்தது. ஆணிவேர் போன ஆவாரையை எந்தச் சாணமும் காப்பாற்றாது என்பதை நான் கற்றுக்கொண்டது, அடுத்தடுத்து இன்னும் சில செடிகளைக் கொன்ற பிறகு.

சரி, விதை என்று முடிவெடுத்தேன். அதே நிலத்தில், காய்ந்து பழுப்பேறிக் காகிதம் போலக் கலகலக்கும் நெற்றுகளைப் பறித்துவந்து, விதைகளை உதிர்த்து மண்ணில் போட்டேன். முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தேன். போட்ட விதை போட்டபடி, நான் ஏதோ பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்தது போல இருந்தது. மறுபடி புத்தகத்தை எடுத்தேன். ஆவாரை விதையின் தோல் கெட்டியானது, தண்ணீரை உள்ளே விடாது, வெந்நீரில் போட்டு ஊறவைத்து விதைக்க வேண்டும் என்றிருந்தது. கொதித்து இறக்கிய நீரில் போட வேண்டும் என்பதை நான், நீரில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும் என்று புரிந்துகொண்டேன். போதாததற்கு அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்து அத்தியாயம் சுவாரசியமாக இருந்ததால் அதைப் படிக்கப் போய்விட்டேன். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, அடுப்புல என்னமோ வெந்துருச்சு. தாளிக்கணுமா?"

இந்தச் செய்தி எப்படியோ அன்று சாயங்காலத்துக்குள் கெங்குவார்பட்டிக்குப் போயிருந்தது. மச்சான் போன் செய்தார். "சுண்டல் எப்படி மாப்ள? தேங்காய் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க."

வெந்நீர் எனக்கு ஒத்துவராது என்று புரிந்தது. இன்னொரு வழி, விதையின் தோலைத் தேய்த்துவிடுவது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தேவாலயத்தில் கமிட்டியில் இருக்கிறவர், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். கடைக்குப் போய் உப்புத்தாள் கேட்டேன்.

"கதவுக்கா சார், கம்பிக்கா?"

"விதைக்கு."

அண்ணாச்சி கல்லாவை மூடினார். "என்ன விதைக்கு?"

"ஆவாரை."

"அத எதுக்கு சார் தேய்க்கிறீக?"

"முளைக்க."

பின்னால் வந்த வாடிக்கையாளர் ஒருவர், "அண்ணாச்சி, சாரு அடுத்து விதைக்குப் பெயிண்டும் கேப்பாகளோ?" என்றார். அண்ணாச்சி அவரை அடக்கிவிட்டு, தடவிப் பார்த்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். "நைசு தாள் வச்சுக்கங்க. சொரசொரப்பு எடுத்தா உள்ள பருப்பே போயிரும். முளைச்சா வந்து சொல்லுங்க சார். ஜெபத்துல வச்சுக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு விதையாகக் கட்டைவிரலுக்கும் தாளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். தோலின் பளபளப்பு போய் ஒரு மங்கல் விழுந்ததும் நிறுத்த வேண்டும். விரல் நுனியும் மங்கிப்போனது. மறுநாள் ஆபீஸ் வாசலில் விரல் வைக்கிற மெஷின் என்னை யாரென்று தெரியாது என்றுவிட்டது. ராத்திரி ஊறப்போட்ட விதைகள் காலையில் உப்பிப்போய் இருந்தன. கல் மாதிரி இருந்த விதை, இட்லிக்கு ஊறிய உளுந்து மாதிரி ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, "இதையும் வேக வச்சுராதீக" என்றாள்.

அடுத்தது இடம். இங்கேதான் முதல் முறையாகப் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். இந்தச் செடியை நான் எங்கெல்லாம் நன்றாகப் பார்த்திருக்கிறேன்? மயிலாடும்பாறை போகிற வழியில், ஆடுகூட மேயச் சலித்துக்கொள்கிற சரளை மேட்டில். என் தோட்டத்திலோ செம்மண், ஆட்டுப்புழுக்கை, மண்புழு உரம் என்று ஆள் படுத்துத் தூங்கலாம் போல மெத்தை போட்டிருந்தேன். ஆவாரைக்கு இது மாமியார் வீட்டு விருந்து. ஒரு வேளை நன்றாயிருக்கும், ஒரு வாரம் தாங்காது.

எனவே நல்ல மண்ணை வெட்டி எடுத்தேன். மதில் ஓரம், வெயில் நாள் முழுக்க நின்று எரிக்கிற மூலையில் பள்ளம் பறித்து, மயிலாடும்பாறைப் பக்கமிருந்து சாக்குச் சாக்காகச் சரளை கொண்டுவந்து நிரப்பினேன். வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லியையும் உடைந்த செங்கல்லையும் கலந்தேன். தெருவில் இருந்தவர்கள் மதிலை எட்டிப் பார்த்தார்கள். என் பழைய செம்மண்ணை அண்ணாச்சி தன் ரோஜாத் தொட்டிகளுக்கு வாங்கிக்கொண்டார். வாங்கும்போது, "நல்லது வெளிய போகுது, கெட்டது உள்ள வருது. என்னமோ சார், உங்க இஷ்டம்" என்றார்.

நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுகிற வேலையே வைத்துக்கொள்ளவில்லை. புதிதாகத் தேய்த்து ஊறவைத்த விதையை நேராக அந்த மூலையிலேயே ஊன்றினேன், வேர் தன் இஷ்டத்துக்குக் கேரளா வரை போகட்டும் என்று. ஆடி முடிந்து ஒரு தூறல் விழுந்தது. அந்த வாரத்திலேயே, ஜல்லிக்கும் செங்கல்லுக்கும் நடுவில், இரண்டு வட்ட இலைகள் தலையில் மண்ணைச் சுமந்துகொண்டு எழுந்தன. அடுத்து இன்னொன்று. அடுத்து நாலைந்து. நான் ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, முளைச்சிருச்சு!"

"ஸ்தோத்திரம்" என்றார் அண்ணாச்சி, ஆணி நிறுத்துக்கொண்டே.

முதல் வருடம் பூக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். முளைத்த சந்தோஷத்தில் தண்ணீரைக் கொட்டினேன், செடி இலை இலையாகத் தள்ளியது. அந்தப் போகிக்கும் சாக்கு 'தொப்' என்று விழுந்தது. மச்சான் என் செடிகளைச் சுற்றி வந்து பார்த்தார். இந்தத் தடவை சீமைக் கொன்றை என்று சொல்ல வழியில்லை.

"ஆவாரைதான்" என்று ஒத்துக்கொண்டார், கசப்பு மருந்து குடித்த முகத்தோடு. "ஆனா மாப்ள, காப்புல பூவுல்ல வைக்கணும்? தழையத்தான் வேப்ப மரம் தருதே."

இரண்டாம் வருடம் நான் கல்நெஞ்சக்காரன் ஆனேன். தண்ணீரை நிறுத்தினேன். சித்திரை வெயிலில் செடிகள் வாடி நிற்க, நான் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்து, "இன்னும் கஷ்டப்படு" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிரச்சினை என் மனைவியிடமிருந்து வந்தது. ஒருநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தபோது, அரிசி கழுவிய தண்ணீரோடு மதில் மூலையில் நின்று பிடிபட்டாள்.

"என்ன பண்றே?"

"வாயில்லாத சீவன். நீங்க பாட்டுக்குப் பட்டினி போடுறீக. பாவம்ல?"

"அது ஆவாரை. அதுக்குப் பாவம் பாத்தா பூக்காது."

"ஒங்களுக்கும்தான் வயித்துக்கு வேளாவேளைக்குப் போடுறேன். நீங்க என்னத்தப் பூத்தீக?"

நான் உள்ளே போனேன். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒருநாள் அரிசித் தண்ணீர் என்று சமரசம் ஆனது. அவள் வாரத்தை எப்படி எண்ணினாள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தது. கார்த்திகையில் கிளை நுனிகள் தடித்தன. ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். நுனியில் பச்சையாக, உருண்டையாக, கொத்தமல்லி விதை அளவில் மொட்டுகள். வாயில் பேஸ்ட் நுரையோடு நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. மார்கழி பிறந்தபோது மதில் மூலை மஞ்சளாகிவிட்டது. சும்மா மஞ்சள் இல்லை. வெயில் பட்டால் கண்ணைச் சுருக்க வைக்கிற மஞ்சள். நடுவில் காது மாதிரி வளைந்த மகரந்தத் தாள்கள். தேனீக்கள் அங்கன ஷிப்டு போட்டு வேலை செய்தன. அண்ணாச்சி தன் ரோஜாவுக்குத் தண்ணீர் விடும் சாக்கில் மதிலோரம் வந்து, "தேய்ச்சது வீண் போகல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சியிடமிருந்து அது ஒரு பிரசங்கத்துக்குச் சமம்.

போகிக்கு முந்தைய வாரம், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள ஒத்திகை பார்த்துவிட்டு, மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், இந்த வருசம் ஆவாரை கொண்டு வர வேண்டாம்."

"சரி மாப்ள" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கிண்டலை எதிர்பார்த்துத் தயாராக இருந்த எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

போகியன்று காலையில் அவர் பைக் வந்து நின்றது. பின்னால் சாக்கு இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். கண் மட்டும் மதில் மூலைக்குப் போய்ப் போய் வந்தது.

"என்னண்ணே ஒரு மாதிரி இருக்கீக?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல ஆத்தா. வாழைக்குச் சொட்டு நீர் போடுறதுக்கு ஜேசிபி விட்டு வரப்ப எல்லாம் நெரவிட்டேன். ஆவாரையும் அதோட போயிருச்சு. போனா போகுது, பஜார்ல வாங்கிக்கிரலாம்னு வந்தா, அங்கன வாடிக் கருகுனதத்தான் கட்டி வச்சிருக்காக." காப்பியை ஒரு வாய் குடித்தார். "தொழுவத்துல காப்புக் கட்டாம ஒரு பொங்கல் வந்ததில்ல. அந்தக் கெடாரி வேற இப்பத்தான் மொத ஈத்து ஈனிருக்கு. வீட்டுல அவ காலையிலருந்து கேட்டுக்கிட்டே இருக்கா." பிறகு, என்னைப் பார்க்காமல், என் செருப்பைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள... நாலு கொத்துக் கெடைக்குமா?"

இந்த வாக்கியத்துக்காக நான் எத்தனை செடியைக் கொன்றிருக்கிறேன், எத்தனை விதையை வேகவைத்திருக்கிறேன்! பெரிய மனிதனாக இருந்தால் உடனே ஒடித்துக் கொடுத்திருப்பேன். நான் அவ்வளவு பெரிய மனிதன் இல்லை.

"எது மச்சான், அந்த டெக்கரேசனா?"

"விடுங்க மாப்ள."

"சுண்டலுக்குத் தேங்காய் தூக்கலாப் போட்டது."

"ஏங்க, போதும். எங்கண்ணன் முகத்தப் பாருங்க" என்றாள் மனைவி. பார்த்தேன். வெற்றியின் ருசியைக் கெடுக்கிற அளவுக்கு அவர் முகம் வாடியிருந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்திக்கொண்டதற்கு இன்றுவரை என்னை நானே பாராட்டிவருகிறேன்.

கத்தியை எடுத்துவந்து, கொத்துக் கொத்தாக நறுக்கினேன். எங்கள் வாசலுக்கு ஒரு பிடி வைத்துக்கொண்டேன். மிச்சம் ஒரு சாக்கு நிறைந்தது. அதை அவர் பைக்கில் கட்ட விடாமல் என் ஸ்கூட்டரில் கட்டினேன். கொண்டுபோய் இறக்குகிற உரிமை இந்த வருடம் என்னுடையது. தேவதானப்பட்டி தாண்டிக் கெங்குவார்பட்டி வரை மச்சான் முன்னால் போக, நான் பின்னால் போனேன். சாக்கின் வாயிலிருந்து மஞ்சள் எட்டிப்பார்த்துக்கொண்டு வந்தது. டீக்கடைகளில் இருந்தவர்கள் யாரும் எழுந்து நிற்கவில்லைதான், ஆனாலும் நான் லேசாகத் தலையசைத்துக்கொண்டே போனேன்.

மச்சான் வீட்டு வாசலில் சாக்கை இறக்கினேன். 'தொப்' என்று விழுந்தது. அவர் மனைவி ஓடிவந்து, "அண்ணே, நீங்க வளத்ததா? நெசமாவா?" என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அலுப்பில்லாமல் ஆமாம் என்றேன். வாசலில், மோட்டார் ரூமில், புதிதாய் நிரவிய தோட்டத்தின் ஈசான மூலையில் எல்லாம் கட்டினோம். தொழுவத்தில் நானே கட்டினேன், அந்தக் கிடாரியின் தலைக்கு மேல், பொறுமையாக, இரட்டை முடிச்சுப் போட்டு. கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மச்சானிடம் கொடுத்தேன். உள்ளே உப்புத்தாளில் தேய்த்த ஆவாரை விதைகள்.

"புது வரப்புல ஊனுங்க மச்சான். ராத்திரி ஊறப்போட்டு ஊனணும். தண்ணி அதிகம் விடக் கூடாது."

ஒரு விவசாயிக்கு ஆவாரை வளர்க்கக் கற்றுக்கொடுத்த ஆபீஸ்காரன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஸ்கூட்டர் தரையில் ஓடியதாக ஞாபகமில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலையில் மச்சானிடமிருந்து போன் வந்தது. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று, மனைவிக்கும் கேட்கட்டுமே என ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாப்ள, தப்பா எடுத்துக்கிராதீக. எங்க வரப்பு ஆவாரைய எங்க மாடு இத்தன வருசத்துல மோந்துகூடப் பாத்ததில்ல. நீங்க கட்டுன காப்ப அந்தக் கெடாரி நாரோட சேத்துத் தின்னு முடிச்சிருச்சு. கீரைன்னு நெனச்சிருக்கும் போல."